பேராயர் கோலின் நடுத்துண்டு

மற்ற பிள்ளைகளின் தாய்மாமா காதுகுத்துக்கு மடி கொடுப்பார், பண்டிகைக்குப் பாவாடை எடுத்துத் தருவார். என் தாய்மாமா மாற்றல் உத்தரவு கொடுப்பார். அவர் எங்கள் திருமண்டலத்தின் பேராயர், அதாவது பிஷப். என் அப்பா அதே திருமண்டலத்தில் கிராமத்துச் சபைகளைப் பார்த்துக்கொள்ளும் போதகர். எந்தப் போதகர் எந்த ஊருக்குப் போக வேண்டும் என்று மே மாதத்தில் ஒரு பட்டியல் வரும். அதன் அடியில் மாமா கையெழுத்துப் போட்டிருப்பார். அவர் பேனாவைத் திறந்தால் நாங்கள் சாமான் கட்ட வேண்டும்.

'மச்சானுக்கு நல்ல சபையாகப் பார்த்துக் கொடுத்துவிட்டார்' என்று ஒரு வாய் பேசிவிடக் கூடாது என்பதில் மாமாவுக்கு அப்படி ஒரு கவனம். அதனால் யாரும் போக மாட்டேன் என்று சொல்லும் ஊர் எதுவோ அது எங்களுக்கு வந்து சேரும். அரூருக்கு அந்தப் பக்கம் ஓர் ஊரில் இருந்தோம், அங்கே பஸ் காலையில் ஒரு முறை, சாயந்திரம் ஒரு முறை. கர்நாடக எல்லையோரம் ஓர் ஊரில் இருந்தோம், அங்கே பாதித் தெரு கன்னடம் பேசும், மீதித் தெரு தெலுங்கு பேசும், அப்பா நடுவில் நின்று தமிழில் பிரசங்கம் செய்வார். ஏழாம் வகுப்புக்கு வருவதற்குள் நான் ஐந்து பள்ளிக்கூடங்களைப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு ஊரிலும் போன ஊரின் பேச்சைப் பேசிச் சிரிப்பு வாங்குவேன். அந்த ஊர்ப் பேச்சு நாக்கில் படிவதற்குள் அடுத்த ஊர் வந்துவிடும். அம்மா மூன்று அட்டைப்பெட்டிகளைப் பிரிப்பதே இல்லை. எதற்கு வீண் வேலை என்பாள். அவற்றில் என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது.

ஐந்தாவது ஊர், பென்னாகரம் போகிற வழியில் இருந்த ஒரு கிராமம். நாற்பது வீட்டுச் சபை, கருங்கல் கோயில், அதற்குப் பின்னால் ஓட்டு வீடு. வீட்டைச் சுற்றிலும் புளியமரங்கள். அந்த ஊரில்தான் எனக்கு முதன்முதலாக ஓர் இடம் கிடைத்தது. இடம் என்றால் பள்ளிக்கூடத்துக் கோ-கோ அணியில் இடம். எனக்குச் சிறு வயதிலிருந்தே ஓர் இடத்தில் உட்கார வராது. சாப்பிடும்போதும் கால் ஆடிக்கொண்டிருக்கும், ஜெபத்திலும் ஆடிக்கொண்டிருக்கும், அம்மா கண்ணை மூடிக்கொண்டே என் தொடையில் ஒன்று வைப்பாள். அந்தக் காலைப் பார்த்துவிட்டு எங்கள் பி.டி. டீச்சர், "இந்தக் காலு சும்மா இருக்காதும்மா, கோ-கோவுல போடுங்க" என்று அம்மாவிடம் சொல்லிச் சேர்த்துவிட்டார். அடுத்த வருடம் மாவட்ட அளவிலான போட்டிக்கு அழைத்துப் போவதாகவும் சொல்லியிருந்தார். என் கால்களைப் பற்றி ஒருவர் நல்லவிதமாகப் பேசியது அதுவே முதல் தடவை. அந்த ஊரை விட்டு நான் போவதாக இல்லை.

போவதாக இல்லை என்று நான் முடிவு செய்தால் போதுமா? தை மாதக் கடைசியில் ஒரு சாயங்காலம் அம்மா புளி தட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கத்தில் அப்போது எல்லாப் பெண்களும் செய்கிற வேலை அது. வியாபாரி புளியங்காய் மூட்டையைக் கொண்டுவந்து போடுவார், ஓட்டை உடைத்து, நார் கிழித்து, கொட்டை எடுத்து, திரும்ப மூட்டையாகக் கட்டிக் கொடுக்க வேண்டும். போதகர் சம்பளம் மாதத்தின் மூன்றாம் வாரத்தைத் தாண்டாது என்பதால் பாஸ்டரம்மாவும் சுத்தியலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அப்பா அவள் பக்கத்தில் குனிந்து, குரலைத் தாழ்த்தி, "லிஸ்ட்டுல நம்ம பேரும் இருக்குதாம்" என்றார். அம்மாவின் சுத்தியல் ஒரு நொடி நின்றது. "எந்த ஊராம்?" என்று கேட்டாள். தெரியவில்லை என்றார் அப்பா. அவள் மறுபடி தட்ட ஆரம்பித்தாள். பக்கத்தில் கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்த எனக்கும் அது கேட்டுவிட்டது.

மாமாவின் கதையைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டில் வேதாகமத்துக்கு அடுத்தபடியாக அதிகம் சொல்லப்பட்ட கதை அது. வத்தல்மலைப் பக்கம் ஒரு மலைக் கிராமத்தில் உபதேசியார் மகனாகப் பிறந்தார். உபதேசியார் என்றால் போதகர் வராத ஊரில் ஜெபம் நடத்திவைப்பவர், மீதி நேரத்தில் கேழ்வரகுக் காட்டில் களை எடுப்பவர். ஒன்பது வயதில் மாமாவை மலையிலிருந்து இறக்கி, தருமபுரியில் மிஷன் விடுதியில் சேர்த்தார்கள். அன்றைக்குத் தகரப்பெட்டியைத் தலையில் வைத்தவர் பிறகு இறக்கவே இல்லை என்று அம்மா சொல்வாள். விடுதியிலிருந்து இறையியல் கல்லூரி, அங்கிருந்து உதவிக்குரு, பிறகு குரு, அதற்குப் பிறகு பதினான்கு ஊர்கள். எல்லா ஊருக்கும் யாரோ ஒருவருடைய கையெழுத்தில் போனார், யாரோ ஒருவருடைய கையெழுத்தில் கிளம்பினார். அத்தை கல்யாணமான நான்காம் வருடமே இறந்துவிட்டாள், பிள்ளைகள் இல்லை. அவரைப் பேராயராகத் தேர்ந்தெடுத்த அன்று வெளியே சொந்தக்காரர்கள் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே மாமா பக்கத்தில் இருந்தவரிடம், "வூட்டை எத்தினி நாளைக்குள்ள காலி பண்ணணுங்க?" என்று கேட்டாராம்.

பேராயரான பிறகும் அவர் உட்கார்ந்ததாகத் தெரியவில்லை. ஆங்கிலிக்கன் மரபில் பேராயர்தான் ஊர் ஊராகப் போய், வளர்ந்த பிள்ளைகளின் தலையில் கை வைத்து ஜெபித்துச் சபையில் முழு உறுப்பினராக்கும் திடப்படுத்தலைக் கொடுக்க வேண்டும். திருமுழுக்கை எந்தப் போதகர் வேண்டுமானாலும் கொடுக்கலாம், இதை அவர்தான் கொடுக்க வேண்டும். ஆகவே வருடம் முழுக்க வண்டியிலேயே இருப்பார். நின்றுகொண்டே சாப்பிடுவார். பேசும்போது அறையின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நடப்பார். வண்டி ஓடினால்தான் ஐயாவுக்குத் தூக்கம் வரும், நின்றால் விழித்துக்கொள்வார் என்று அவருடைய டிரைவர் அண்ணன் சொல்வார். தேநீர் எப்போதும் அரை டம்ளர்தான் கேட்பார். அதை நான் அவருடைய துறவு என்று எடுத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம் திடப்படுத்தலுக்கு எங்கள் சபையில் பதினோரு பிள்ளைகள் இருந்தோம். அப்பா மூன்று மாதம் வகுப்பு எடுத்தார். பேராயரின் மோதிரம் எதற்கு, மார்பில் தொங்கும் சிலுவை எதற்கு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தவர், ஒரு நாள் கோலுக்கு வந்தார். மேய்ப்பனின் கோல் போல மேலே வளைந்திருக்கும் கோல் அது. "அதுதான் பேராயரோட அதிகாரத்துக்கு அடையாளம். மந்தையை நடத்துறது, பிரிக்கிறது, இடம் மாத்துறது எல்லாம் அதை வெச்சுத்தான்" என்றார். அப்பா அடையாளத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நான் 'இடம் மாத்துறது' என்பதை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

மாசி பிறந்த முதல் சனிக்கிழமை பிற்பகல் மாமாவின் ஜீப் எங்கள் வாசலில் வந்து நின்றது. மறுநாள் ஆராதனை. அப்பா வெள்ளை அங்கியைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போய், "வாங்க, பேராயர் ஐயா" என்று வரவேற்றார். மச்சான் என்று ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திய பிறகுகூட ஐயாதான். மாமா அம்மாவைப் பார்த்ததும், "என்ன பாப்பா, இளைச்சுப் போயிட்டே" என்று மட்டும் சொன்னார். இரண்டு பிள்ளை பெற்ற அம்மாவைப் பாப்பா என்று கூப்பிட அந்த ஒரு ஆள்தான் இருந்தார். என் தலையைத் தட்டினார். டிரைவர் அண்ணன் பெட்டிகளை இறக்கி முன் அறையில் வைத்தார். அதில் ஒன்று நீளமான மரப்பெட்டி. தூசு தட்டுகிற சாக்கில் அதைத் திறந்து காட்டினார். உள்ளே நீல வெல்வெட் துணியில் கோல் மூன்று துண்டாகப் படுத்திருந்தது. வளைந்த தலை, நடு, அடி. மூன்றுக்கும் முனைகளில் பித்தளைப் பூண், பூணில் மரை. சைக்கிள் பம்பைத் திருகுவது போலத் திருகிச் சேர்த்தால் மாமா உயரத்துக்கு நிற்கும்.

சாயங்காலம் மாமாவும் அப்பாவும் படுக்கையிலிருந்த ஒருவரைப் பார்க்கப் போனார்கள். டிரைவர் அண்ணன் ஜீப்பைக் கழுவினார். அம்மா கோழிக்கு மசாலா அரைத்துக்கொண்டிருந்தாள். என் தம்பி அம்மாவின் காலடியில் அழுதுகொண்டிருந்தான். நான் முன் அறைக்குப் போனேன்.

தலையை எடுத்தால் உடனே தெரிந்துவிடும். அடியை எடுத்தால் தரையில் ஊன்றும்போது தெரிந்துவிடும். நடுவில் இருப்பதை எடுத்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். பன்னிரண்டு வயதுக்கு இது கொஞ்சம் கூடுதலான முட்டாள்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன். கோல் முழுதாக இல்லையென்றால் அதிகாரம் முழுதாக இல்லை. அதிகாரம் இல்லாமல் கையெழுத்துப் போட்டால் செல்லாது. பட்டியல் போய்விடும், நாங்கள் இருந்துவிடுவோம். மே மாதம் தாண்டியதும் எங்கேயாவது கண்டெடுத்தது போலக் கொடுத்துவிடலாம். நடுத்துண்டைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். அங்கே கொட்டை எடுத்த புளி ஐந்து மூட்டை நின்றது. கடைசி மூட்டையின் வாய் இன்னும் தைக்கப்படவில்லை. கையை முழங்கை வரை விட்டு உள்ளே செருகி, மேலே புளியை அமுக்கி மூடினேன். கையெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டியது. அன்று இரவு சாப்பாட்டின்போது என் கால் ஆடவே இல்லை. அதைக்கூட அம்மா கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலுக்குப் பக்கத்து அங்கி அறையிலிருந்து சத்தம் வந்தது. டிரைவர் அண்ணன் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். சபைச் செயலாளர் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார். கோயிலைக் கூட்டி, மணி அடித்து, மெழுகுவத்தி ஏற்றும் ஓர் அண்ணன் எங்கள் சபையில் இருந்தார், எல்லோரும் அவரைக் கோயில்பிள்ளை என்றுதான் கூப்பிடுவார்கள். பெட்டியை முந்தின இரவு வீட்டிலிருந்து கோயிலுக்குத் தூக்கி வந்தவர் அவர். "நேத்து பித்தளைக்கு ஆசைப்பட்டு எவன் கிட்டயாவது குடுத்துட்டியா?" என்று செயலாளர் அவரைக் கேட்டார். அந்த மனிதர் கோபப்படவில்லை. "கூட வந்த என் பையனுங்களை வேணா கேட்டுப் பாருங்க. நான் பெட்டியத் தொறக்கவே இல்லீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, சட்டைப் பையையும் வேட்டி மடிப்பையும் தானாகவே உதறிக் காட்டினார். இரண்டடி நீளத் துண்டை வேட்டி மடிப்பில் யார் வைப்பார்கள்? ஆனாலும் உதறினார். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை.

ஓடினேன். எடுத்துக்கொண்டு வந்து ஏதாவது பொய் சொல்லிக் கொடுத்துவிடலாம் என்றுதான் ஓடினேன். வீட்டின் பின்பக்கம் காலியாக இருந்தது. ஐந்து மூட்டைகள் நின்ற இடத்தில் நார் மட்டும் கிடந்தது. அடுப்படியில் இருந்த அம்மா, பாய் டெம்போ ஏழு மணிக்கே வந்து புளியை ஏற்றிக்கொண்டு போய்விட்டது என்றாள். பென்னாகரத்தில் புளிக் கிடங்கு வைத்திருந்த வியாபாரியைத்தான் பாய் என்போம். வழக்கமாக ஞாயிற்றுக்கிழமையில் மூட்டை எடுக்க மாட்டார், ஆனால் இந்தத் தடவை எங்களுக்கு விருந்தாளி வருகிறார்களே, இடத்தை அடைக்கும் என்று அம்மாதான் சொல்லி அனுப்பியிருக்கிறாள். "ஏன்டி, புளிக்கு என்ன இப்ப? போய் முக்காடு எடுத்துப் போடு, மணி அடிக்கப் போறாங்க" என்று விரட்டினாள்.

அங்கி அறையில் அதற்குள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். காணிக்கைப் பையின் நீளக் கைப்பிடியைக் கழற்றி நடுவில் செருகிப் பார்த்தார்கள், மரை பொருந்தவில்லை. ஒருவர் குடைக்கம்பு கொண்டுவந்தார். கடைசியில் மாமாவே வந்து, தலையையும் அடியையும் நேராகத் திருகிச் சேர்த்தார். கோல் அவருடைய இடுப்பைக் கொஞ்சம் தாண்டி நின்றது. எல்லோரும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றார்கள். மாமா சிரித்தார். "இன்னைக்கு வர்றது எல்லாம் ஆட்டுக்குட்டிங்கதானே. குட்டிக்கோலு போதும்" என்றார். கோயில்பிள்ளையின் தோளில் கை வைத்து, "நீ போய் மணி அடி" என்றார். எனக்கு உடனே ஒரு நிம்மதி வந்தது. இப்போது நினைத்தால் கூசுகிறது.

பவனி தொடங்கியது. முன்னால் சிலுவை, பின்னால் பாடகர் குழு, அப்பா, கடைசியில் மாமா. ஆறடிக்கு நெருக்கமான மனிதர், இடுப்பளவு கோலை ஊன்றக் குனிந்து குனிந்து வந்தார். பின்வரிசையில் இரண்டு பையன்கள் சிரித்தார்கள். அவர் கால் தரையைத் தேய்த்துக்கொண்டு வருவதை நான் பார்த்தேன். குனிவதால்தான் அப்படி என்று நினைத்தேன். பலிபீடத்துப் படியை அடைந்ததும் கோலை டிரைவர் அண்ணனிடம் கொடுத்துவிட்டார்.

மாமா திடப்படுத்தல் கொடுப்பதை நான் வேறு ஊர்களில் பார்த்திருக்கிறேன். இடது கையால் கோலை இறுகப் பிடித்துக்கொள்வார், வலது கையை மட்டும் பிள்ளைகளின் தலையில் வைப்பார். சபையார் அதை அவருடைய தோரணை என்பார்கள், கம்பீரம் என்பார்கள். அன்றைக்குப் பிடித்துக்கொள்ளக் கோல் இல்லை. இடது கையை முதலில் அங்கிக்குள் வைத்தார், பிறகு முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார், பிறகு என்ன நினைத்தாரோ, இரண்டு கைகளையும் தலையில் வைக்கத் தொடங்கினார். என் முறை வந்தது. பாவத்தையும் பொய்யையும் விட்டுவிடுகிறாயா என்று கேட்டதற்குப் பதினோரு பேரில் நான்தான் எல்லோரையும் விடச் சத்தமாக 'ஆம்' சொல்லியிருந்தேன். மண்டியிட்டேன். மாமா என் பெயரைச் சொல்லி, இந்தப் பிள்ளையைக் காத்துக்கொள்ளும் என்று ஜெபித்தார். வலது கை தலையில் கனமாக, அசையாமல் இருந்தது. இடது கை நடுங்கியது. லேசாக அல்ல, என் முக்காடு நழுவுகிற அளவுக்கு நடுங்கியது. ஆண்டவருக்கு என் மேல் இருந்த கோபம் மாமாவின் கை வழியாக இறங்குகிறது என்று நான் நம்பினேன். இப்போதே செத்துப்போய்விடுவேன் என்று பயந்து பல்லைக் கடித்துக்கொண்டேன்.

நான் சாகவில்லை. கடைசி ஆசீர்வாதத்துக்கு மாமா எழுந்து இரண்டு படி இறங்க வேண்டியிருந்தது. முதல் படியில் கால் ஒட்டிக்கொண்டது போல நின்றது. கை எதையோ தேடிக் காற்றில் போனது. அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தார். பெண்கள் பக்கத்திலிருந்து அம்மா, முக்காடு கீழே விழுந்தது தெரியாமல், "அண்ணா" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தாள். கோயிலுக்குள் அவரை அவள் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. அப்பா ஒரு பக்கம், டிரைவர் அண்ணன் ஒரு பக்கம் தூக்கி உட்காரவைத்தார்கள். மாமா படியிலேயே உட்கார்ந்து, வலது கையை உயர்த்தி, ஆசீர்வாதத்தை ஒரு சொல் விடாமல் சொல்லி முடித்தார். இடது கை மடியில் கிடந்து ஆடிக்கொண்டே இருந்தது. சபை முழுக்கப் பார்த்தது. திருமண்டல அலுவலகத்திலிருந்து மாமாவுடன் வந்திருந்த ஒருவர், தூணோரம் நின்று எல்லாவற்றையும் செல்போனில் பிடித்துக்கொண்டிருந்தார். திடப்படுத்தலைப் படம் எடுக்கிறார் என்று நினைத்து நான் முக்காட்டைச் சரிசெய்துகொண்டேன்.

கணுக்கால் வீங்கிவிட்டதால் மாமா அன்று கிளம்பவில்லை. திங்கள்கிழமை காலை பத்து மணிக்குப் புளி பாய் தன் மொபட்டில் வந்து இறங்கினார். ஆனந்தமாக வரவில்லை, கவலையோடுதான் வந்தார். செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொருளை அப்பாவிடம் நீட்டி, "மூட்டையக் கொட்டுறப்ப இது வந்துச்சுங்க, பாஸ்டர். பாத்தா கோயில் சாமான் மாதிரி தெரிஞ்சுது. நம்ம பசங்க கை வெக்கறதுக்குள்ள எடுத்தாந்துட்டேன்" என்றார். பிரித்தால் நடுத்துண்டு. ஒரு நாள் முழுக்கப் புளிக்குள் கிடந்ததில் அதன் இரண்டு பித்தளைப் பூண்களும் தங்கம் போலப் பளபளத்தன. மற்ற இரண்டு துண்டுகளும் கறுத்துப்போய் இருந்தன. புளியில் போட்டால் பித்தளைக்கு என்ன ஆகும் என்று எங்கள் பக்கம் குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரிந்திருந்தது, யோசிக்கத்தான் இல்லை.

மாமா கட்டிலில் உட்கார்ந்தபடி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, சேர்க்கச் சொன்னார். நான் மூன்று துண்டுகளையும் எடுத்து, எந்த முனை மேலே, எந்த முனை கீழே என்று யாரையும் கேட்காமல், ஒரு தடவையில் திருகிச் சேர்த்து நிறுத்தினேன். சேர்த்து முடித்த பிறகுதான் நான் என்ன செய்துவிட்டேன் என்று புரிந்தது. மாமா என் முகத்தைப் பார்த்தார். அம்மா பார்த்தாள். பாய் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்.

"பொட்டி மூடி சரியில்ல. இறக்கறப்ப வுழுந்து மூட்டையில போயிருக்கும்" என்றார் மாமா. முன்வாசலில் இறக்கிய பெட்டியிலிருந்து வீட்டின் பின்பக்க மூட்டைக்கு அது எப்படி நடந்து போகும் என்று யாரும் கேட்கவில்லை. பேராயர் சொன்னால் சொன்னதுதான். கோயில்பிள்ளையை வரவழைத்து, செயலாளரையும் பக்கத்தில் நிற்கவைத்து, எங்கள் மேல்தான் தப்பு என்று மன்னிப்புக் கேட்டார். எல்லோரும் வெளியே போன பிறகு என்னிடம், "இந்த ஊரு உனக்குப் புடிச்சிருக்குதா, கண்ணு?" என்று கேட்டார்.

"ஆமாங்க மாமா" என்றேன்.

"ம்" என்றார். அவ்வளவுதான். அன்று மத்தியானம் முழு உயரக் கோலை ஊன்றிக்கொண்டு, அங்கி இல்லாமல், வெறும் வேட்டி சட்டையில் ஜீப்புக்கு நடந்து போனார்.

நடுக்குவாதம் என்ற சொல்லை நான் கேட்டதே கல்லூரிக்குப் போன பிறகுதான். அப்போது அம்மா சொன்னாள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு வருடம் முன்பே மாமாவுக்கு அது வந்துவிட்டது. அம்மாவுக்கும் டிரைவர் அண்ணனுக்கும் ஒரு டாக்டருக்கும் மட்டும் தெரியும். டம்ளர் நிறைய டீ இருந்தால் சிந்தும், அதனால் அரை டம்ளர். உட்கார்ந்தால் கை ஆடுவது தெரியும், அதனால் நடந்துகொண்டே இருந்தார். கைத்தடி வைத்துக்கொண்டால் ஊர் கேட்கும். கோலை யாரும் கேட்க மாட்டார்கள். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருந்தது. அவரை எப்போது இறக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அலுவலகத்திலேயே இருந்தார்கள். பதினான்கு ஊர்களை அடுத்தவர் தேதியில் விட்டு வந்தவர், கடைசி இடத்தையாவது தன்னுடைய தேதியில் விட வேண்டும் என்று ஆசைப்பட்டார். அம்மாவிடம் அதை மட்டும்தான் ஜெபிக்கச் சொல்லியிருந்தாராம். நான் எடுத்தது பேராயரின் அதிகாரத்தை என்று நினைத்திருந்தேன். நோயாளி ஒருவர் ஊன்றி நின்ற தடியை எடுத்திருக்கிறேன். அதற்கு நான் யாரிடம் மன்னிப்புக் கேட்டாலும் போதாது. அவரிடம் கேட்க நினைத்தபோது அவருக்குப் பேச்சு குழறத் தொடங்கியிருந்தது. நான் அழுதேன், அவர் வலது கையால் என் தலையைத் தட்டினார்.

அன்றைக்கு எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? அந்தச் செல்போன் படம் பங்குனிக்குள் திருமண்டலம் முழுக்கப் போய்விட்டது. கூட்டம் போட்டார்கள், டாக்டர் சான்றிதழ் கேட்டார்கள். ஏப்ரல் கடைசியில் ஒரு சாயங்காலம் அப்பா தருமபுரியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார். முகம் கழுவாமல் வந்து அடுப்படி வாசலில் நின்று, "ஐயா ராஜினாமா எழுதிக் குடுத்துட்டாரு" என்றார். அம்மா அடுப்பை அணைத்தாள். தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே அப்பா, "புதுப் பேராயர் வர்ற வரைக்கும் யாருக்கும் மாத்தல் கிடையாதாம். லிஸ்ட்டைக் கிழிச்சுட்டாங்க" என்றார்.

நான் வாசலுக்கு ஓடி, புளியமரத்தைச் சுற்றி மூன்று சுற்று ஓடிவிட்டு வந்தேன். என் யோசனை பலித்துவிட்டது. துண்டைத் திருப்பிக் கொடுத்த பிறகும் பலித்துவிட்டது. ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். அன்று ஜெபிக்க வேண்டியது என் முறை. இந்த ஊரிலேயே எங்களை வைத்ததற்காக ஆண்டவருக்கு நன்றி சொன்னேன், மாமாவின் கையெழுத்தை நிறுத்தியதற்காக நன்றி சொன்னேன், கோ-கோவுக்காகவும் நன்றி சொன்னேன். வீடே கேட்கச் சொன்னேன். அப்பா ஆமென் என்றார். தம்பி ஆமென் என்றான். அம்மாவின் குரல் வரவில்லை. ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தேன். தலையைக் குனிந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். நாளெல்லாம் புளி தட்டிய களைப்பு, தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். அவளுக்கும் சேர்த்து நானே இன்னொரு தடவை, இன்னும் சத்தமாக ஆமென் சொன்னேன்.